ஆர்மண்ட் நோய்க்கு "சிறுநீரக நார்க்கட்டி"ன்னு பேர் வைக்காதீங்க

பினாங்குல நம்ம தமிழ் குரூப்ல சுத்துற ஒரு மருத்துவக் குறிப்புல மறுபடியும் அதே "சிறுநீரக நார்க்கட்டி". ரெட்ரோபெரிட்டோனியல் ஃபைப்ரோசிஸ்ங்கிற அபூர்வ நோய்க்கு யாரோ வச்ச பேரு, அப்படியே காப்பி பண்ணிப் போட்டுட்டே இருக்காங்க.

ரெட்ரோன்னா லத்தீன்ல பின்னாடி, பெரிட்டோனியம் கிரேக்கத்துல இருந்து வந்தது, வயித்துக்குள்ள சுத்தி இருக்கிற உறை, ஃபைப்ரோசிஸ்னா நார்த்திசு மிஞ்சி வளர்றது. இந்த நோயைப் பத்தி 1905லயே பாரிஸ்ல இருந்த டாக்டர் அல்பாரன் எழுதினாரு, ஆனா 1948ல அமெரிக்க டாக்டர் ஜான் ஆர்மண்ட் எழுதின பிறகுதான் பரவலா தெரிஞ்சது, அதனால ஆர்மண்ட் நோய்.

இப்ப "சிறுநீரக நார்க்கட்டி"க்கு வரேன். இந்த நார் சிறுநீரகத்துல வளரவே இல்ல. வயித்து உறைக்குப் பின்னாடி, பெருந்தமனியை (இதயத்துல இருந்து கீழ இறங்குற பெரிய ரத்தக்குழாய்) சுத்தி வளர்ந்து பரவி, சிறுநீரகத்துல இருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்குற குழாயை நெருக்குது, சிறுநீர் இறங்க வழியில்லாம மேலயே தேங்கி கிட்னி வீங்கிப் பழுதாகுது. அடி வாங்குறது கிட்னி, நோய் இருக்கிற இடம் வேற. அடுத்தது கட்டி. நார்க்கட்டின்னா நம்ம பொம்பளைங்க எல்லாருக்கும் தெரிஞ்சது கர்ப்பப்பையில வர்ற ஃபைப்ராய்டுதான். இது அப்படி உருண்டையா தனியா நிக்கிறது இல்ல, தகடு மாதிரி படர்றது, அதனால பெரும்பாலும் முதல்ல ஸ்டீராய்டு கொடுத்து, சிறுநீர்க் குழாய்க்குள்ள ஸ்டென்ட்ங்கிற மெல்லிய குழல் வச்சு சிறுநீருக்கு வழி விடுவாங்க. கட்டின்னு கேட்ட குடும்பம் "கேன்சரா டாக்டர், வெட்டி எடுத்துடலாமா"ன்னுதான் கேக்கும், பாவம், அவங்க மேல என்ன தப்பு? (சிலருக்கு கேன்சராலயும் இப்படி நார் வளரலாம், அதுக்குத்தான் தேவைப்பட்டா பயாப்சி (துளி சதை எடுத்து சோதிக்கிறது) பாக்குறாங்க, அது தனி விஷயம்.)

இன்னொரு பக்கம் இதே நோயை "பின்னுதரவுறை இழைமமிகை"ன்னு எழுதுறவங்க. எனக்கும் தூய தமிழ் மேல உசுருதான், ஆனா நோயாளி வாயில நுழையாத பேரை வச்சு என்ன செய்ய? சிலர் வைக்கிற "நாட்பட்ட பெருந்தமனிசூழ் அழற்சி"ங்கிற பேரு இடத்தைச் சரியா சொல்லுது, ஆனா கேக்குறவங்க இதய நோய்னு நினைச்சிடுவாங்க.

என் கணக்குல "வயிற்றுறைப் பின்புற நார்ப்பெருக்கம்". நீளம்தான், ஆனா எங்க, என்னன்னு ரெண்டுமே சொல்லுது. பக்கத்துலயே ஆர்மண்ட் நோய்னு போட்டுட்டா ஆஸ்பத்திரியிலயும் புரியும்.

மொழிபெயர்க்கிறவங்க மலாய்க் குறிப்புல "புவா பிங்காங்"னு (மலாய்ல கிட்னி) பார்த்த உடனே நோய்ப் பேருலயும் சிறுநீரகம்னு போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடுறாங்க. இந்த நார் எங்க வளருதுன்னு ஒரு டாக்டர்கிட்ட கேட்டுட்டு எழுதுங்க, ப்ளீஸ்.