தோட்டத்துக் கேமரா உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறதா?

காங்கேயம், பல்லடம், கோபி பக்கமெல்லாம் தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில், கேமரா மாட்டுவது இப்போது சகஜம். தனியாக இருந்த வயதானவர்களைக் கொன்று கொள்ளையடித்த சம்பவங்களுக்குப் பிறகு, கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் பலர் அப்பா அம்மா இருக்கும் வீட்டு வாசலுக்கும் கட்டுத்தரைக்கும் கேமரா போட்டுவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் வெளியூரிலிருந்து பார்க்க என்ன வழி செய்திருக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. மாட்டிவிட்டுப் போனவர் "போர்ட் ஓப்பன் பண்ணி உட்டிருக்கேனுங்க, இனி எங்கிருந்தாலும் பாக்கலாமுங்க" என்று சொல்லியிருப்பார், அதோடு சரி. ஆபத்து அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இப்படி எதுவும் செய்யாவிட்டால், வீட்டு வைஃபையில் இருக்கும்போது கேமரா சட்டென்று திறக்கும், பல்லடம் பஸ் ஸ்டாண்டில் மொபைல் டேட்டாவில் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். காரணம் முகவரி. கேமராவின் 192.168.1.64 மாதிரியான எண் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும், அதே எண் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. இணைய முகவரிக்கான பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான் என்பதால், வீட்டுக்கு ஒரு வெளிமுகவரி, உள்ளே எல்லாருக்கும் உள்முகவரி என்று ரவுட்டர் சமாளிக்கிறது. மில் ஹாஸ்டலுக்கு வரும் கடிதம் மாதிரி: கவரில் அறை எண் இல்லாவிட்டால் வாட்ச்மேன் யாரிடம் கொடுப்பார்? உள்ளே இருக்கும் கருவி தானாக வெளியே போய்க் கேட்டதற்கு வரும் பதிலை ரவுட்டர் சரியாகச் சேர்த்துவிடும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வருவதை உள்ளே விடாது.

போர்ட் ஓப்பன் செய்வது என்றால், "இந்த எண்ணுக்கு யார் வந்தாலும் கேமராவிடம் அனுப்பு" என்று ரவுட்டரிடம் சொல்லி வைப்பது. யார் வந்தாலும், அதைக் கவனியுங்கள். நம் வீட்டு முகவரி யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஸீமேப் என்ற மென்பொருள், வேகமான ஒரு இணைப்பும் ஒரே கணினியும் இருந்தால், அந்த மொத்த முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் ஒரு சுற்று தட்டிப் பார்த்துவிடும். ஷோடான் என்ற தேடுபொறி, இப்படித் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடிப் பட்டியல் போடுவதையே வேலையாக வைத்திருக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் படையாகச் சேர்த்தது, அந்த அக்டோபரில் தளங்களின் பெயருக்கு முகவரி தேடித் தரும் டைன் நிறுவனத்தின் சர்வர்களை மொத்தமாகத் தாக்கி, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்காமல் செய்தது. ஆனால் நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. வாசல் கேமராவைப் பார்க்க முடிகிறவனுக்கு அப்பா எத்தனை மணிக்குத் தண்ணி கட்டப் போகிறார், அம்மா எப்போது தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பாதுகாப்புக்கு வைத்த பொருளே திருடனுக்கு நோட்டம் பார்த்துக் கொடுக்கும்.

சரி, என்ன செய்யலாம்? கேமராவை இணையத்துக்குக் காட்டவே வேண்டாம். உங்கள் போனையே வீட்டு நெட்வொர்க்குக்குள் கொண்டுபோய்விடுங்கள். இதற்குத்தான் விபிஎன். அதில் எனக்குப் பிடித்தது வயர்கார்ட், 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. இதில் பாஸ்வேர்டு கிடையாது. போனுக்கு ஒரு ஜோடிச் சாவி, வீட்டில் இருக்கும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி அல்லது பழைய லேப்டாப்புக்கு ஒரு ஜோடி. ரகசியச் சாவி அந்தந்தக் கருவியை விட்டு வெளியே போகாது, பொதுச் சாவியை மட்டும் ஒருவருக்கொருவர் கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள். போன் அனுப்பும் முதல் தரவுப் பொட்டலத்திலேயே, வீட்டுக் கருவியின் பொதுச் சாவி தெரிந்தவரால் மட்டுமே போடக்கூடிய முத்திரை இருக்கும். அது இல்லாமல் யார் தட்டினாலும் வயர்கார்ட் "போ" என்றுகூடச் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். அங்கே ஒன்று இயங்குகிறது என்பதே துழாவுகிறவனுக்குத் தெரியாது. பேச்சு தொடங்கியபின் சுமார் 2 நிமிடத்துக்கு ஒருமுறை பூட்டும் திறவுகோலும் புதிதாக மாறிக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கேமராவுக்கு வேண்டாம் என்றாலும், வயர்கார்டுக்கு ரவுட்டரில் ஒரு போர்ட் திறந்து வைத்தாக வேண்டும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து வான் ஐபி (WAN IP, ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ற இடத்தைப் பாருங்கள். அது 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், இணைய நிறுவனமே பல வீடுகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம், நீங்களே நினைத்தாலும் போர்ட் திறக்க முடியாது. சிம் போட்ட ரவுட்டர்களில் பெரும்பாலும் இதே கதைதான். அதற்கு டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்று வேண்டும். வயர்கார்டின் மேல் கட்டியதுதான் அதுவும். போனும் வீட்டுக் கருவியும் நடுவில் ஒரு சர்வரிடம் தங்கள் இருப்பிடத்தைச் சொல்கின்றன, பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே பொட்டலம் அனுப்ப, இரு பக்கத்து ரவுட்டரும் அதை நாம் கேட்டதற்கு வந்த பதில் என்று எடுத்துக்கொண்டு வழிவிடுகின்றன. அது நடக்காவிட்டால் இடையில் ஒரு சர்வர் வழியாகப் போகும், அப்போதும் படம் பூட்டியபடியேதான் போகும். வீட்டுக் கருவியில், அதன் வழியாக வீட்டின் மற்ற கருவிகளுக்கும் போக வைக்கும் சப்நெட் ரவுட்டர் வசதியை மட்டும் மறக்காமல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் லேப்டாப் வரைக்கும் போய் நின்றுவிடும், கேமரா கிடைக்காது.

டேட்டா கணக்கும் முக்கியம். நொடிக்கு 4 மெகாபிட் மெயின் ஸ்ட்ரீமில் (முழுத் தெளிவான படம்) ஒரு மணி நேரம் பார்த்தால் 1.8 ஜிபி போய்விடும், 512 கிலோபிட் சப் ஸ்ட்ரீமில் (தெளிவு குறைந்த படம்) சுமார் 230 எம்பிதான். மாடு கட்டுத்தரையில் நிற்கிறதா என்று பார்க்க அது போதும். அப்புறம் கரண்ட் போனால் ரவுட்டரும் அந்த லேப்டாப்பும் உயிரோடு இருக்க ஒரு சின்ன யுபிஎஸ்.

இதெல்லாம் முடியாது என்கிறவர்கள் க்யூஆர் ஸ்கேன் செய்து பார்க்கிற கம்பெனி ஆப்பையே வைத்துக்கொள்ளட்டும், போர்ட் திறந்து வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். கேமரா தானே வெளியே போய்க் கம்பெனி சர்வரோடு பேசுகிறது, ஆகவே அந்தக் கம்பெனியை நீங்கள் நம்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஓடிபி வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். எந்த வழியானாலும் ரவுட்டரில் யுபிஎன்பி-யை அணைத்துவிடுங்கள், உங்களைக் கேட்காமலே கேமரா போர்ட் திறந்துகொள்ள அதுதான் வழி.

எல்லாம் முடிந்ததும் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். விபிஎன் இல்லாமல் கேமரா திறக்கவே கூடாது, போட்டால் திறக்க வேண்டும். போன் தொலைந்துபோனால் அந்த ஒரு போனின் சாவியை வீட்டுக் கருவியிலிருந்து நீக்கினால் போதும், மற்றவர்களுக்கு எதுவும் மாறாது.