மைனஸ் 1.137 வந்துவிட்டால் போதாது

இந்தப் பருவத்திலும் அதே வரி. மதிப்பீட்டுக்கு வந்த முதுநிலை ஆய்வேட்டின் சுருக்கத்தில், “ஹைட்ரஜன் மூலக்கூறின் ஆற்றலைக் குவாண்டம் கணினி முறையில் வேதித் துல்லியத்தோடு கண்டறிந்தோம்” என்று இருக்கிறது. மாணவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் பார்த்துப் படித்த பயிற்சிக் குறிப்புகளே அப்படித்தான் சொல்கின்றன. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட வழிகாட்டி கேட்டிருக்க வேண்டாமா?

கருவி ஓப்பன்ஃபெர்மியான். கூகுளும் பல பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2017 அக்டோபரில் வெளியிட்ட திறமூல மென்பொருள். சை4 அல்லது பைஎஸ்சிஎஃப் போன்ற வேதிக் கணக்கீட்டு மென்பொருள் தரும் தொகையீடுகளை (எலக்ட்ரான்களின் ஆற்றல் எண்களை) வாங்கி, மூலக்கூறின் ஆற்றலை விவரிக்கும் ஹாமில்டோனியனைக் கட்டி, ஜோர்டான்-விக்னர் முறையில் குவாண்டம் கணினியின் பிட்டான கியூபிட்டின் மொழிக்கு மாற்றும். அருமையான வேலை, நானும் அதைத்தான் நம்பியிருக்கிறேன். ஆனால் உள்ளே போகும் வேதியியல் எவ்வளவோ, அவ்வளவுதான் வெளியே வரும்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அடிப்படைத் தொகுதி என்பது ஆர்பிட்டல்களைக் கட்ட நாம் தேர்ந்தெடுக்கும் கணிதச் சார்புகளின் தொகுப்பு. எஸ்டிஓ-3ஜி என்ற மிகச் சிறிய தொகுதியில் ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் ஒரே ஒரு ஆர்பிட்டல். எலக்ட்ரானின் இரு சுழற்சிகளையும் (ஸ்பின்: மேல், கீழ்) சேர்த்தால் மொத்தம் நான்கு, ஆக 4 கியூபிட். சமநிலைத் தூரத்தில், அந்தத் தொகுதிக்குள் கிடைக்கும் முழு சிஐ விடை, அதாவது அந்தத் தொகுதியால் தர முடிந்த மிகச் சரியான விடை, மைனஸ் 1.137 ஹார்ட்ரீ (ஆற்றலின் அலகு). மிகக் குறைந்த ஆற்றலைத் தேடும் குவாண்டம் அல்காரிதமான விகியூஇ கொண்டு ஆய்வேடு போட்ட கணக்கு அந்த எண்ணைத் தொட்டுவிட்டது, உண்மைதான். ஆனால் ஹைட்ரஜன் மூலக்கூறின் உண்மையான மின்னணு ஆற்றல், அணுக்கருக்களின் விலக்கையும் சேர்த்து, சுமார் மைனஸ் 1.174. இடைவெளி 0.037 ஹார்ட்ரீ, அதாவது மோலுக்கு 23 கிலோகலோரி. வேதித் துல்லியம் என்று நாம் சொல்வது 1 கிலோகலோரிக்குள், அதாவது சுமார் 0.0016 ஹார்ட்ரீக்குள், அடங்கும் பிழையை!

இன்னொரு விதமாகவும் பாருங்கள். ஹார்ட்ரீ-ஃபாக் என்பது ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரியை மட்டும் உணர்வதாகக் கொள்ளும் எளிய தோராயம். அந்தத் தொகுதியில் அதிலிருந்து முழு சிஐ வரை இறங்கும் தூரமே 0.02 ஹார்ட்ரீதான். அதைப் பிடிக்க இத்தனை பாடுபட்டோம். விகியூஇ தொடங்குவதற்கு முன்பே, தொகுதியைத் தேர்ந்தெடுத்த அந்த ஒரு வரியில், அதைவிடப் பெரிய தொகையைத் தொலைத்துவிட்டோம். அல்காரிதத்தை எவ்வளவு மெருகேற்றினாலும் அது திரும்பி வராது. தப்பான விடைக்குறிப்பை வைத்துத் திருத்திவிட்டு நூற்றுக்கு நூறு என்று போடுவதைப் போன்றது இது.

பெரிய தொகுதி எடுக்கலாமே என்பார்கள். டிரிபிள் ஜீட்டா என்ற பெரிய தொகுதியில் இதே ஹைட்ரஜனுக்கு நேரடியாக 56 கியூபிட் வேண்டும். தண்ணீருக்கு எஸ்டிஓ-3ஜியில் 14, இடைப்பட்ட டபுள் ஜீட்டாவுக்குப் போனாலே 48. இன்றைய தடை இதுதான், இதை மறைக்காமல் எழுத வேண்டும்.

நேர்மையாக எழுத முடியும். 2020இல் கூகுள் குழு தன் சிக்கமோர் குவாண்டம் கருவியில் 12 கியூபிட் வரை பயன்படுத்தி ஹைட்ரஜன் சங்கிலிகளைக் கணக்கிட்டது. செய்தது ஹார்ட்ரீ-ஃபாக் என்று கட்டுரையின் தலைப்பிலேயே சொன்னார்கள். மடிக்கணினி நொடியில் போடும் கணக்கு அது. நோக்கம் கருவியைச் சோதிப்பது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

அப்புறம், சில அடிப்படை விஷயங்கள். மைனஸ் 1.857 வந்தால் பதற வேண்டாம், அணுக்கருக்களின் விலக்கு ஆற்றலைக் கூட்ட மறந்திருக்கிறீர்கள். ஓப்பன்ஃபெர்மியான் மேல்சுழற்சி, கீழ்ச்சுழற்சி என்று மாற்றி மாற்றி அடுக்கும். இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான கிஸ்கிட் நேச்சர் மேல்சுழற்சிகளை முதலில் முடித்துவிட்டுத்தான் கீழ்ச்சுழற்சிக்கு வரும். ஹைட்ரஜனின் தொடக்க நிலையில் எலக்ட்ரான்கள் முதலாவதில் 0, 1 கியூபிட்களில் இருக்கும், இரண்டாவதில் 0, 2இல். பார்க்காமல் கலந்தால் விடை குப்பை. பைஎஸ்சிஎஃப் தொகையீடுகளின் குறியெண்களை வேதியியலாளர் வரிசையில் அடுக்கித் தரும், ஓப்பன்ஃபெர்மியான் கேட்பது வேறு வரிசை. பழைய கிஸ்கிட் கெமிஸ்ட்ரி பாடங்களை நகலெடுக்காதீர்கள், அதன் ஆதரவு எப்போதோ நின்றுவிட்டது. பயன்படுத்திய பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். ஓட்டியது சிமுலேட்டரிலா, நிஜக் கருவியிலா என்பதைச் சுருக்கத்திலேயே சொல்லுங்கள். பின்னிணைப்பில் ஒளிக்காதீர்கள்.

வழிகாட்டிகளே, கையெழுத்துக்கு முன்னால் “எந்தத் தொகுதி?” என்று ஒரு கேள்வி கேளுங்கள், தயவுசெய்து. மாணவர்களே, இந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: “எங்கள் சிமுலேட்டர் விடை, எஸ்டிஓ-3ஜி தொகுதிக்குள் முழு சிஐ விடையோடு 0.0016 ஹார்ட்ரீக்குள் ஒத்துப்போகிறது. தொகுதியால் வரும் பிழை இதில் சேராது.” இப்படி எழுதியதற்காக நான் யாருக்கும் மதிப்பெண் குறைத்ததில்லை.