ரிப்போர்ட்டில் 'ஓவர்எக்ஸ்பிரஷன்' என்று இருந்தால் பதறாதீர்கள், ஆனால் அப்படியே விட்டுவிடவும் செய்யாதீர்கள்

ஒரு பெண் பயாப்சி ரிப்போர்ட்டை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் லேப் வாசலில் நின்றார். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ரிப்போர்ட்டில் ஹெர்2 என்ற புரதத்தைப் பற்றி ஒரு வரி, பக்கத்தில் 2+. யாரோ இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு "ஜீன் ஓவர்எக்ஸ்பிரஷன்னா பரம்பரை வியாதி" என்று சொல்லியிருக்கிறார்கள். "டாக்டர், இது எனக்கும் இருக்குமா? என் பொண்ணுக்கும் வருமா?" என்றுதான் முதலில் கேட்டார். அம்மாவின் சிகிச்சை பற்றிய பேச்சு அப்புறம்தான் வந்தது. ரிப்போர்ட் கைக்கு வந்து அதற்குள் மூன்று வாரம் ஆகியிருந்தது.

நான் நோய்க்குறியியல் மருத்துவர். ஸ்லைடு பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை, நோயாளிகளை நேரில் பார்ப்பது குறைவு. நாங்கள் எழுதும் ஒரு வார்த்தை ஒரு வீட்டுக்குள் போய் என்ன பாடு படுத்துகிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உடம்பில் ஈரல் செல்லுக்கும் நரம்புச் செல்லுக்கும் கிட்டத்தட்ட ஒரே மரபணுத் தொகுப்புதான். எந்த மரபணுவைப் படித்து எந்தப் புரதத்தை எவ்வளவு செய்வது என்பதில்தான் வித்தியாசம். அந்த அளவு வழக்கத்தைத் தாண்டிப் போனால் மிகை வெளிப்பாடு, அதாவது ஓவர்எக்ஸ்பிரஷன். அது ஒரு அளவைச் சொல்லும் வார்த்தை, நோயின் பெயர் இல்லை.

ஹெர்2 புரதம் செல்லின் மேலுறையில் நின்று 'வளர், பெருகு' என்ற செய்தியை உள்ளே கடத்துவது. அதற்கான மரபணு 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது, சாதாரணமாக ஒரு செல்லுக்கு இரண்டு பிரதி. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதத்தில் இந்தப் பிரதிகள் பெருகிப்போய், புரதமும் மேலுறை முழுக்க அப்பிக்கொண்டு நிற்கும். இந்தப் பெருக்கம் கட்டியின் செல்களுக்குள் பிற்பாடு நடந்தது, பிறக்கும்போதே கூட வந்ததில்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னதும் அவர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பரம்பரையாக வரக்கூடிய பிஆர்சிஏ மாதிரியான மரபணு மாற்றங்கள் வேறு விஷயம். குடும்பத்தில் பலருக்குப் புற்றுநோய் இருந்தால் அதற்கெனத் தனிப் பரிசோதனை இருக்கிறது.

இப்போது அந்த எண். ஹெர்2 புரதம் இருக்கும் இடத்தில் பழுப்பு நிறம் ஏறும்படி திசுவுக்குச் சாயம் ஏற்றுவோம், ஸ்லைடில் நாங்கள் பார்ப்பது அந்த நிறத்தை. 3+ என்றால் புற்றுச் செல்களில் பத்து சதவீதத்துக்கு மேல் ஒவ்வொன்றையும் சுற்றி அடர்த்தியான முழு வளையம் தெரியும், கம்பிவலையை விரித்துப் போட்ட மாதிரி, சந்தேகமே வராது. 0 அல்லது 1+ என்றால் நிறமே இருக்காது, அல்லது அங்கங்கே மங்கலாக அறுந்த கோடுகள். நடுவில் இருக்கும் 2+தான் சங்கடம்: வளையம் இருக்கும், ஆனால் வெளிறி இருக்கும். இதை வைத்து 'உண்டு' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. அடுத்து ஃபிஷ் என்ற பரிசோதனையில் மரபணுப் பிரதிகளை ஒளிரும் புள்ளிகளாக, செல் செல்லாக எண்ண வேண்டும். 2+ ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான், ஃபிஷ் வந்தால்தான் அது முழுசாகும். இது அந்தக் குடும்பத்துக்கு யாருமே சொல்லவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு, திசு எங்களிடம் எப்படி வந்து சேருகிறது என்பது. வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள், திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் அதில் இருக்க வேண்டும். ஒருமுறை முழு மார்பகத்தையும் கீறாமல் அப்படியே ஒரு சின்ன டப்பாவில் அமுக்கி, கால்வாசி ஃபார்மலின் ஊற்றி அனுப்பியிருந்தார்கள். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். வெளியே கெட்டிப்பட்டிருந்தது, நடுவில் இருந்த கட்டி குழகுழவென்று கெட்டுப்போயிருந்தது. அதில் நிறம் வரவில்லை என்றால் புரதமே இல்லை என்று எப்படி எழுதுவது? எழுதவில்லை. முதலில் எடுத்த ஊசி பயாப்சியின் பிளாக்கை, அதாவது மெழுகில் பதித்து வைத்த திசுவை, கேட்டு வாங்கித்தான் பரிசோதித்தோம்.

இத்தனை கறாராக ஏன் இருக்க வேண்டும் என்றால், அந்த எண்ணை வைத்துத்தான் மருந்தே. 1987இல் டென்னிஸ் ஸ்லாமனும் சக ஆய்வாளர்களும் இந்த மரபணு பெருகியவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று காட்டினார்கள். அன்றைக்கு அது வெறும் கெட்ட செய்தி. 1998இல் அமெரிக்காவில் ஹெர்2 புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அனுமதி பெற்றதும் அதே புரதம் மருந்து போய்ப் பிடிக்கும் இடமாகிவிட்டது. 2022இலிருந்து, பரவிய நோயில் 1+ ஆனவர்களுக்கும், 2+ வந்து ஃபிஷ்ஷில் பெருக்கம் இல்லாதவர்களுக்கும்கூட ஒரு மருந்து வழி திறந்திருக்கிறது. ஆகவே 'பாசிட்டிவா நெகட்டிவா' என்பதோடு நிறுத்தாமல் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் எல்லா மிகை வெளிப்பாடும் ஹெர்2 மாதிரி இல்லை. நுரையீரல் புற்றுநோயில் ஈஜிஎஃப்ஆர் புரதம் நிறைய இருப்பதை வைத்து மாத்திரை கொடுப்பதில்லை, அந்த மரபணுவில் குறிப்பிட்ட பிறழ்வு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். பி53 என்ற இன்னொரு புரதம் இன்னும் ஏமாற்றும். பிறழ்ந்த பி53 புரதம் சிதையாமல் தங்கித் தங்கிச் சேருவதால் ஸ்லைடில் அப்படி ஒரு அடர்த்தி. 1979இல் கண்டுபிடித்தபின் பத்து வருடம் போல அதைப் புற்றுநோயை உண்டாக்கும் மரபணு என்றே நினைத்தார்கள், உண்மையில் அது புற்றுநோயைத் தடுப்பது. 'இந்த மரபணு அதிகமாக வேலை செய்கிறது, இதுதான் காரணம்' என்று செய்தி படித்தால், அதே மரபணுவை அடக்கியும் பார்த்தார்களா என்று தேடுங்கள். ஆய்வகத்தில் ஒரு புரதத்தை அளவுக்கு மீறிச் செய்ய வைத்தால் அது வழக்கமாகப் போகாத இடத்துக்கெல்லாம் போகும், கட்டிகட்டியாகத் திரளும், அதைப் பார்த்து நோயின் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

அந்த அம்மாவுக்கு ஃபிஷ் செய்தோம். பிரதிகள் பெருகியிருந்தன, மருந்து தொடங்கியாகிவிட்டது. "அந்த மூணு வாரம் சும்மா போச்சே டாக்டர்" என்று மகள் போனில் சொன்னார், எனக்குப் பதில் வரவில்லை. இப்போது 2+ வந்தால் ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே, தடித்த எழுத்தில், 'முடிவு இன்னும் வரவில்லை, ஃபிஷ் செய்ய வேண்டும்' என்று எழுதுகிறேன், அனுப்பிய மருத்துவருக்குப் போனும் போட்டுவிடுகிறேன்.