திக்கற்ற பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய்: சபைதான் அலைய வேண்டும்

தகப்பனை இழந்த பிள்ளை என்று கேள்விப்பட்டதும் நம் சபைகளில் இரண்டு காரியம் நடக்கும். கிறிஸ்துமஸுக்குப் புதுச் சட்டை வரும். அப்புறம் யாராவது ஒரு மூப்பர், "நல்ல ஹோம்ல சேத்துவிட்ருவோம்" என்பார். பாட்டியோடு நன்றாக இருக்கும் பிள்ளையை எதற்கு ஹோமுக்கு அனுப்ப வேண்டும்? வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்க, ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் 18 வயது வரை மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. ஆபீசில் ஸ்பான்சர்ஷிப் என்று கேட்டால்தான் புரியும்.

கணவனை இழந்த, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், உறவினரிடம் வளரும் அனாதைப் பிள்ளைகள், பெற்றோர் தீராத நோயில் கிடக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இது உண்டு. மனு போகும் இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

முதல் கண்ணி வருமானச் சான்று. கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இந்த வரம்பு தெரியாமல், ஸ்கூல் ஸ்காலர்ஷிப்புக்கு எழுதுவதுபோல ஒரு லட்சம் என்று எழுதி வாங்கிவிட்டால் கதை முடிந்தது. இ-சேவை மையத்தில் பதிவதற்கு முன்பே விஏஓவைப் பார்த்து, எதற்காகக் கேட்கிறோம், உண்மையில் என்ன வருகிறது என்று சொல்லிவிடுங்கள். பீடி சுற்றும் அம்மாவுக்கு மாதம் 10,000 வருமானம் என்று ஒருவர் மேசையில் உட்கார்ந்தபடி எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, "புருஷன் உயிரோடதானே இருக்கார்?" என்ற கேள்வி. ஓடிப்போனவனுக்கு இறப்புச் சான்று எங்கே வாங்குவது! கைவிடப்பட்ட பெண் என்ற சான்றை வருவாய்த் துறை தருகிறது. அதையும் இ-சேவையில்தான் கேட்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு மனுப் போடுங்கள்.

ஞானஸ்நானச் சான்று பிறப்புச் சான்று ஆகாது. பிறந்து ஓராண்டுக்குள் பிறப்பைப் பதியாத பிள்ளைக்குக் கோட்டாட்சியர் ஆணை வரை போக வேண்டியிருக்கும், அதனால் அதை முதலில் தொடங்குங்கள். வங்கிக் கணக்கு பிள்ளை பெயரில், வளர்ப்பவரோடு சேர்ந்து இருக்கட்டும். போதகரின் கணக்கோ டிரஸ்ட் கணக்கோ வேண்டவே வேண்டாம், எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

"ஃபண்டு வரல, அப்புறம் வாங்க" என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த பெண் அந்த 'அப்புறம்' என்ற சொல்லிலேயே அடுத்த முறை வராமல் போவாள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் இடத்தை விட்டு நகராதீர்கள். தரவில்லையா, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள், எண் விழுந்துவிடும். எண் விழுந்த மனுவுக்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும். கூட ஒரு ஆள் போனாலே பேச்சின் தொனி மாறுவதைப் பார்க்கலாம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தால், அவரையே அனுப்புங்கள்.

அனுமதி வரும்வரை மாதங்கள் ஓடும். அந்த இடைவெளிக்குத்தான் காணிக்கைப் பணம் தேவை: அரிசி, பஸ் காசு, பரீட்சைக் கட்டணம். நல்லெண்ணத்தில் பிள்ளையைப் பள்ளி ஹாஸ்டலில் சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் இந்த உதவி நின்றுபோகும்.

பங்களாவில் நாலு பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்பவர்களுக்கு: இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி பதிவில்லாத இல்லத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். ஆலய வாசலில் கைவிடப்பட்ட குழந்தை கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போலீசுக்கோ சொல்லியாக வேண்டும். பிள்ளையில்லாத தம்பதியரிடம் ஜெபித்துக் கொடுத்துவிட்டால் அது தத்து ஆகாது, குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை இருக்கிறது.

சபை மடலில் "இந்த அனாதைக்கு உதவுங்கள்" என்று பெயரும் படமும் போடுவதையும் நிறுத்துங்கள். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் விசாரணையில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப்பில் போட்டாலும் அதேதான்.