புதுச்சேரியில் இரண்டான நட்சத்திரம்

கல்யாணத்தில் அம்மி மிதித்து முடித்ததும், ஐயர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் வாசலுக்கு அழைத்துப்போய், பட்டப்பகலில் வானத்தைக் காட்டி "அருந்ததி தெரியுதா?" என்று கேட்பார். இருவரும் தெரிகிறது என்பார்கள். இல்லையென்றால் பந்தி தாமதமாகும். நிஜமாகவே பார்க்க ஆசைப்பட்டால் ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் வடக்கே திரும்பி நிற்க வேண்டும். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவே இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தால் அதுதான் அருந்ததி. இடைவெளி 12 கலை.

இந்தக் கலை பஞ்சாங்கத்தில் வருகிற அதே கலைதான். 60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை. முழுநிலவின் அகலம் சுமார் 30 கலை. நல்ல கண்ணுக்கு ஒரு கலை இடைவெளிகூடப் பிரிந்து தெரியும் என்பார்கள். இருட்டில் ஒளிப்புள்ளிகளைப் பார்க்கும்போது என் கண்ணுக்கு நான்கு கலையே தகராறு. ஒரு சின்னத் தொலைநோக்கியை வசிஷ்டர் பக்கம் திருப்பினால், அவரே 14 விகலை இடைவெளியில் இரண்டாக நிற்பார். கலிலியோவின் மாணவரும் நண்பருமான காஸ்டெல்லி 1617 வாக்கில் இதைக் கவனித்து, தன் குருவையும் பார்க்கச் சொன்னார். அந்த இரண்டும் தனித்தனியே இரட்டை, அருந்ததியும் இரட்டை என்று பிற்பாடு தெரிந்தது. ஆக, மணமக்கள் ஒரு ஜோடியைப் பார்ப்பதாக நினைத்து ஆறு நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள்.

நான் இரட்டை நட்சத்திரங்களிடம் வந்து சேர்ந்தது வேறு வழியில்லாமல்தான். 150 மில்லிமீட்டர் கண்ணாடி வைத்த டாப்சோனியன் (கையால் திருப்பும் எளிய தாங்கியில் நிற்கும் தொலைநோக்கி) ஒன்றை வாங்கி, நகரத்து மொட்டை மாடியில் வைத்து, அண்டங்களையும் ஒளிமுகில்களையும் தேடினேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் எல்லாம் கரைந்துபோயிருந்தன. நட்சத்திரம் அப்படிக் கரையாது. அதன் ஒளி ஒரே புள்ளியில் குவிந்திருப்பதால், பின்னணி கொஞ்சம் வெளுத்தாலும் புள்ளி புள்ளியாகவே நிற்கும். பௌர்ணமி அன்றைக்கும் பார்க்கலாம். நகரவாசிக்கு இதைவிடத் தோதான வேட்டை வானத்தில் கிடையாது.

புள்ளி என்றேனே, அதில்தான் சிக்கலே இருக்கிறது. உருப்பெருக்கத்தை நன்றாக ஏற்றிக் கூர்மையாகப் பார்த்தால், நட்சத்திரம் ஒரு குட்டி வட்டத் தட்டாகத் தெரியும். அதைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருக்கும். அது நட்சத்திரத்தின் உடல் இல்லை. ஒளி ஓர் அலை. தொலைநோக்கியின் வாய் என்ற வட்டத் துளைக்குள் நுழையும்போது விளிம்பில் வளைந்து, ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் இந்த வடிவத்தை உண்டாக்குகிறது. ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1835இல் இதைக் கணக்கிட்டதால் 'ஏரித் தட்டு' என்று பெயர். நம் ஊர் ஏரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தொலைநோக்கியின் வாய் எவ்வளவு அகலமோ, தட்டு அவ்வளவு சிறியது. இரண்டு நட்சத்திரங்கள் மிக நெருங்கியிருந்தால் இரண்டு தட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே தட்டாகிவிடும். டாஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் பல ஜோடிகளைப் பார்த்துப் பார்த்து ஓர் எளிய கணக்கு சொன்னார்: 116ஐ வாயின் விட்டத்தால், அதாவது மில்லிமீட்டரில் வரும் எண்ணால், வகுத்தால் பிரிக்கக்கூடிய மிகக் குறைந்த இடைவெளி விகலையில் கிடைக்கும். 60 மில்லிமீட்டர் தொலைநோக்கிக்கு 1.9 விகலை, என்னுடையதற்கு 0.77. ஒரு விகலை என்றால், நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்.

அப்புறம் உருப்பெருக்கம். தொலைநோக்கி 2 விகலையைப் பிரித்துக் கொடுத்தாலும், அதை என் கண்ணுக்குத் தோதான நான்கு கலையாக, அதாவது 240 விகலையாக விரித்தால்தான் எனக்குப் புரியும். 120 மடங்கு வேண்டும். என் தொலைநோக்கியின் குவியத் தொலைவு 1200 மில்லிமீட்டர் என்பதால், 10 மில்லிமீட்டர் ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ், போட்டால் சரியாக 120 வந்துவிடுகிறது. பெட்டியின் மேல் '600 மடங்கு' என்று அச்சடித்து விற்கும் சின்னத் தொலைநோக்கிகளை நம்ப வேண்டாம். தட்டைத்தான் பெரிதாக்கலாம், ஒன்றாகிப்போனதை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பிரிக்க முடியாது.

இவ்வளவு கணக்கையும் கெடுப்பது காற்று. சூடும் குளிருமான காற்றுப் பொட்டலங்கள் ஒளியை அங்குமிங்கும் வளைப்பதால்தான் நட்சத்திரம் மின்னுகிறது. தொலைநோக்கியில் அந்த மினுக்கு கொதிக்கும் சாம்பார் மாதிரி இருக்கும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து, பதினொரு மணிவரை அனல் விட்டுக்கொண்டே இருக்கும். மாலையில் தளத்தில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியில் வைத்துவிடுவேன், கண்ணாடியும் ஆறட்டும் என்று. அப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். ஐந்து நிமிடம் கொதித்துக்கொண்டிருந்த பிம்பம் திடீரென்று அரை விநாடி அசையாமல் நிற்கும். அந்த அரை விநாடியில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்துவிடும்.

ஆரம்பத்தில் ஒரு நாள் பார்த்த நட்சத்திரம் எல்லாமே இரட்டையாகத் தெரிந்தது. நோட்டில் ஏழெட்டை எழுதிய பிறகுதான், எல்லா ஜோடியும் ஒரே திசையில் சாய்ந்திருப்பதைக் கவனித்தேன். கண்ணாடிகள் ஒழுங்கு தப்பியிருந்தன. இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருக்கும் வேறொரு நட்சத்திரத்தைப் பார்ப்பேன். அதுவும் நீண்டு தெரிந்தால் திருப்புளியை எடுக்க வேண்டியதுதான்.

டாஸ் கணக்கு ஏறக்குறைய சம ஒளியுள்ள ஜோடிகளுக்குத்தான் பொருந்தும். ஒன்று பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால், மங்கலானது பெரியவரின் வளையங்களுக்குள் புதைந்துவிடும். சிரியஸின் துணை சுமார் 11 விகலை தள்ளி இருந்தும், ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பதால் நான் இதுவரை பார்த்ததில்லை. கேட்டை நட்சத்திரத்தின் துணை 3 விகலைக்கும் நெருக்கம். அது 1819இல் வியன்னாவில் அகப்பட்டதே நிலாவின் தயவில்தான். நிலா கேட்டையை மறைத்துவிட்டு விலகும்போது, முதலில் ஒரு மங்கலான புள்ளி எட்டிப்பார்த்தது. சில விநாடி கழித்துச் செந்நிறக் கேட்டை சட்டென்று வெளிப்பட்டது. பார்த்தவர் பூர்க் என்ற வானியலாளர். ஐரோப்பாவில் கேட்டை அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்து போகும். நமக்கோ 50 பாகை உயரம் ஏறும். இதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். அந்தத் துணையைப் பச்சை என்று எழுதுகிறார்கள். பச்சை நட்சத்திரம் என்று ஒன்று கிடையாது. சிவப்புக்குப் பக்கத்தில் நீல வெள்ளையைப் பார்க்கும் கண் செய்கிற வேலை அது.

நிறத்துக்காகவே பார்க்க வேண்டியது அன்னம் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் அலகில் இருக்கும் அல்பிரியோ. ஒரு முறை துணி எடுக்க மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காவைப் பார்க்கச் சொன்னேன். "ஒண்ணு மஞ்சள், ஒண்ணு நீலம்... உள்ள கலர் லைட்டு எதுவும் வெச்சிருக்கியா தம்பி?" என்று கேட்டார். இடைவெளி 35 விகலை. எந்தச் சின்னத் தொலைநோக்கியும் பிரித்துவிடும். ஆனால் இந்த இரண்டும் உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றுகின்றனவா, அல்லது தற்செயலாக ஒரே திசையில் தெரிகின்றனவா என்பது இன்னும் தீராத வழக்கு.

அந்த வழக்கு மொத்த வானத்துக்குமே ஒரு காலத்தில் இருந்தது. எல்லா ஜோடிகளும் தற்செயல் என்றே பலரும் நம்பினார்கள். இத்தனை ஜோடி தற்செயலாக அமைய வாய்ப்பே இல்லை என்று 1767இல் ஜான் மிட்செல் என்ற ஆங்கிலேய அறிஞர் நிகழ்தகவுக் கணக்குப் போட்டுக் காட்டினார். வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் ஜோடிகளைப் பட்டியலிடத் தொடங்கியது வேறு நோக்கத்தில். அருகிலுள்ள நட்சத்திரம், தூரத்து நட்சத்திரத்தை ஒட்டி ஆண்டு முழுக்க எப்படி அசைகிறது என்று பார்த்துத் தொலைவை அளக்க நினைத்தார். 1782இல் 269 ஜோடிகளை வெளியிட்டார். இருபது ஆண்டு கழித்துத் திரும்பப் பார்த்தபோது, புனர்பூசத்தின் காஸ்டர் ஜோடி ஒன்றையொன்று சுற்றி நகர்ந்திருந்தது. கிணறு வெட்டப் போனவருக்குப் புதையல் கிடைத்தது. நியூட்டனின் ஈர்ப்பு விதி சூரியக் குடும்பத்துக்கு வெளியேயும் செல்லும் என்பதற்கு அதுதான் முதல் நேரடிச் சாட்சி.

இதற்கெல்லாம் நூறு ஆண்டு முந்தைய கதை நம் கடற்கரையில் நடந்தது. சயாமில் (இன்றைய தாய்லாந்து) அரசியல் கலகம் வந்து அங்கிருந்து புதுச்சேரிக்கு வந்த ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார், 1689 டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் தொடர்ந்துகொண்டிருந்தார். அப்போது ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, ஒட்டி நிற்கும் இரண்டு என்று கண்டார். நம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பம், 4.4 ஒளியாண்டு தொலைவில் இருப்பது, இரட்டை என்று முதலில் தெரிந்தது புதுச்சேரியில்தான்.

அந்த ஜோடி இப்போது ஒரு தராசு. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 ஆண்டு ஆகிறது. சராசரி இடைவெளி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 23.4 மடங்கு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி இடைவெளியை அதனாலேயே இரண்டு முறை பெருக்கி, காலத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 23.4 × 23.4 × 23.4 சுமார் 12,800. எண்பது எண்பது 6,400. வகுத்தால் 2. இரண்டும் சேர்ந்து இரண்டு சூரியன் எடை. நட்சத்திரங்களின் எடையை நேரடியாக அறிய இதைவிட நம்பகமான வழி இல்லை. தனியாக நிற்கும் நட்சத்திரங்களுக்குச் சொல்லும் எடைகளும் பெரும்பாலும் இப்படி நிறுத்தவற்றோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான்.

தராசு நுட்பமானால் ஏமாற்றமும் நுட்பமாகவே வரும். சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டிய வானாய்வகத்தில் பொறுப்பாளராக இருந்த கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற ஜோடி கணக்குப்படி நகரவில்லை என்று பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதை இழுப்பதாக 1855இல் எழுதினார். சூரியக் குடும்பத்துக்கு வெளியே கோள் இருப்பதாக அளவீட்டோடு சொன்ன மிக முந்தைய கூற்றுகளில் ஒன்று அது. பிற்காலத்தில் அது நிற்கவில்லை. அப்படி ஒரு கோளும் அங்கே கிடைக்கவில்லை. விகலையின் சின்னப் பகுதியை அளக்கும் கையில் வருகிற பிழை, கோளாக உருவெடுத்துவிட்டது.

அளப்பதை மாடியிலேயே செய்து பார்க்கலாம். என் டாப்சோனியனில் மோட்டார் கிடையாது. பூமி சுற்றுவதால் நட்சத்திரம் தானாகவே மேற்கு ஓரத்துக்கு ஓடிவிடும். வான நடுக்கோட்டில் ஒரு விநாடிக்கு 15 விகலை ஓட்டம். வடக்கே போகப்போக வேகம் குறைந்து, அல்பிரியோவின் இடத்தில் 13.3 விகலை. அதைக் காட்சி வட்டத்தின் நடுவே ஓட விட்டுவிட்டு, கைபேசியின் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக் காத்திருப்பேன். முதலில் மஞ்சள் ஓரத்தில் மறையும். நீலம் இன்னும் நிற்கும். இரண்டு விநாடிக்குச் சற்று மேல் கழித்து அதுவும் போய்விடும். பத்து முறை எடுத்துச் சராசரி பார்த்தால் 2.1 விநாடி, அதாவது கிழக்கு மேற்காக 28 விகலை. மீதி, வடக்கு தெற்குச் சாய்வு. நுணுக்கமாகச் செய்பவர்கள் அளவுகோல் பொறித்த ஐபீஸோ கேமராவோ வைத்து அளந்து ஆய்விதழ்களுக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பராமரிக்கும் வாஷிங்டன் இரட்டை நட்சத்திரப் பட்டியலில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜோடிகள் இருக்கின்றன. பலவற்றைப் பல ஆண்டுகளாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆல்ஃபா சென்டாரி 2016 வாக்கில் 4 விகலைக்கு நெருங்கிவிட்டு, இப்போது விலகிக்கொண்டிருக்கிறது. 60 மில்லிமீட்டர் தொலைநோக்கியே போதும். மே மாதக் கடைசியில் இரவு பத்து மணிக்கு நேர் தெற்கே, புதுச்சேரியில் 17 பாகை உயரத்தில், சென்னையில் 16இல். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒன்றரை முஷ்டி உயரம்தான். என் மாடியில் சரியாக அந்த இடத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை தொலைநோக்கியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். மீட்டருக்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்கிறார்கள்.