மலை மேகத்தைத் தடுப்பதில்லை, தூக்குகிறது

மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகும் வழியில் அடல் சுரங்கப்பாதை வருகிறது. ரோத்தாங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையைக் குடைந்து, 2020 அக்டோபரில் திறந்தார்கள். தெற்கு வாசலில் நுழையும்போது இரு பக்கமும் ஊசியிலை மரங்கள், ஈரம் கசியும் பாறைகள், சரிவெல்லாம் புல். வடக்கு வாசலில் வெளியே வந்தால் லாஹௌல் பள்ளத்தாக்கு. பழுப்பு நிறத்தில் மொட்டை மலைகள், ஆற்றை ஒட்டி மட்டும் கொஞ்சம் பச்சை. இரண்டு வாசலும் கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்குச் சற்று மேலே, ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. நடுவில் இருப்பது ஒரே ஒரு மலை.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் சென்னை தண்டையார்பேட்டையிலிருந்து குடும்பத்தோடு கிளம்பிப் போயிருந்தோம். சுரங்கத்தை விட்டு வேன் வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "இன்னாடா இது, அந்தாண்ட அவ்ளோ மரம் இருந்துச்சு, இந்தாண்ட ஒண்ணுமே காணோம்?" பின்சீட்டிலிருந்து என் பையன் பாடப்புத்தகத்தை ஒப்பித்தான்: "மழை மறைவுப் பிரதேசம், ஆயா. மலை மேகத்த தடுத்துடும்."

பள்ளியில் நாம் எல்லோருமே அப்படித்தான் படித்தோம். ஆனால் அந்த ஒரு வரியில் விஷயத்தின் அழகான பாதி விடுபட்டுப் போகிறது. மேகம் எங்கிருந்தோ முழுதாக மிதந்து வந்து மலையில் முட்டி நிற்பதில்லை. பெரும்பாலும் அந்த மலைதான் மேகத்தையே உண்டாக்குகிறது. மலைக்குப் பின்னால் அதை அழிப்பதும் அதே காற்றின் பயணம்தான்.

முதலில் காற்றழுத்தம். தண்டையார்பேட்டையில் நம் தலைக்கு மேலே காற்றுமண்டலம் முழுவதும் இருக்கிறது. அதன் எடையைத்தான் அழுத்தம் என்கிறோம். மேலே ஏற ஏற, நமக்கு மேலே மிச்சமிருக்கும் காற்று குறைகிறது. லே போகும் சாலையின் மிக உயர்ந்த இடமான தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர். அங்கே அழுத்தம் சென்னையில் இருப்பதில் பாதியைத்தான் ஒட்டியிருக்கும். 1950களிலிருந்து திருவொற்றியூரின் பெருமையாக இருக்கும் புல்லட் கூட அந்த ஏற்றத்தில் திணறும். எரிபொருள் எரிய எஞ்சினுக்கும் ஆக்சிஜன் வேண்டுமே. எம்.சி. ரோட்டில் வாங்கிப் போன சிப்ஸ் பாக்கெட்டுகள் கணவாயில் விறைத்து உப்பிக்கொண்டு நின்றன. உள்ளே இருந்தது ஊர்க் காற்று. வெளியே அழுத்தம் குறைந்ததும் அது விரியப் பார்த்தது.

சமவெளியிலிருந்து மலைச்சரிவில் ஏறும் காற்றுக்கும் இதேதான் நடக்கிறது. அதை அடைத்து வைக்க பாக்கெட் இல்லாததால் தாராளமாக விரிகிறது. விரியும் காற்று சுற்றியிருக்கும் காற்றைத் தள்ளித்தான் விரிய வேண்டும். அந்த வேலைக்கான ஆற்றலைத் தன்னிடமுள்ள வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது, அதனால் குளிர்கிறது. பஞ்சர் கடையில் டயரின் வால்வை அழுத்தினால் சீறி வரும் காற்று விரலில் சில்லென்று படுவதும் இதனால்தான். ஒவ்வொரு கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் குறையும். இதற்கு வெளியிலிருந்து எந்தக் குளிர்ச்சியும் தேவையில்லை, ஏறினாலே போதும்.

காற்று குளிர்ந்தால் அதில் ஆவியாக இருக்கக்கூடிய நீரின் அளவும் குறைகிறது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடத்தில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம்தான். 2 டிகிரிக்கு வந்தால் 6 கிராம் கூட இல்லை. மிச்சம் நீர்த்துளியாகிறது, அதுதான் மேகம். துளிகள் பெருத்தால் மழை.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நீரை ஆவியாக்க வெப்பம் செலவாகிறது அல்லவா? அந்த ஆவி திரும்ப நீராகும்போது அந்த வெப்பம் அப்படியே வெளியே வருகிறது. இதுதான் உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ நீருக்கு சுமார் 25 லட்சம் ஜூல். வங்காள விரிகுடாவிலோ அரபிக் கடலிலோ வெயில் செலவழித்த ஆற்றல், இமயமலைச் சரிவில் காற்றுக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஆகவே மேகம் உண்டாகத் தொடங்கிய பிறகு, ஏறும் காற்று முன்போல் வேகமாகக் குளிர்வதில்லை. கிலோமீட்டருக்கு 6 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமவெளியில் 30 டிகிரியில் ஈரக்காற்று கிளம்புகிறது. முதல் கிலோமீட்டரில் 20 டிகிரிக்கு வந்து, அங்கே மேகம் உருவாகத் தொடங்குகிறது. அதன்பின் கிலோமீட்டருக்கு 6 டிகிரி வீதம் குறைந்து, 3 கிலோமீட்டர் உயரத்தில் 8 டிகிரி, 4 கிலோமீட்டரில் 2 டிகிரி. ரோத்தாங் கணவாயின் உயரம் கிட்டத்தட்ட அதுதான், 3,978 மீட்டர். வழியெல்லாம் மழையாகக் கொட்டிவிட்டு, காற்று இப்போது மறுபக்கம் இறங்குகிறது. இறங்கினால் அழுத்தம் கூடும், காற்று சுருங்கும், சூடாகும். பெய்த நீர் தெற்குச் சரிவிலேயே தங்கிவிட்டதால், சூட்டைக் குறைக்க இதனிடம் துளிகள் இல்லை. எனவே முழு 10 டிகிரி ஏறுகிறது. 3 கிலோமீட்டர் உயரத்துக்கு வரும்போது 12 டிகிரி. ஏறும்போது இதே உயரத்தில் இருந்ததைவிட 4 டிகிரி அதிகம். கணவாயில் 100 சதவீதமாக இருந்த ஈரப்பதம், ஒரே ஒரு கிலோமீட்டர் இறங்கியதில் 60-க்கும் கீழே போய்விடுகிறது. மலையைத் தாண்டி வந்த கொஞ்சநஞ்ச மேகமும் இந்தக் காற்றில் ஆவியாகிவிடும். முகட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும் மேகத்தின் விளிம்பு, கீழே இறங்கப் பார்த்து, இறங்கும் இடத்திலேயே கரைவதைக் கீழிருந்தே கண்ணால் காணலாம்.

நம் ஊரிலும் இது உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வால்பாறைப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, கோவை, திருப்பூர் பக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. இமயத்தில் விசேஷம் என்னவென்றால் அங்கே மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. தௌலாதார், பீர் பஞ்சால், பெரிய இமயம், சான்ஸ்கர் என ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் நீரை இழந்த காற்றுதான் லேவுக்குப் போய்ச் சேருகிறது. ஆண்டு முழுவதும் அங்கே பெய்வது ஏறக்குறைய 100 மில்லிமீட்டர். 2015 டிசம்பரில் சென்னையில் ஒரே நாளில் அதைவிட அதிகம் கொட்டியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். லாஹௌலுக்குக் குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் தாழ்வழுத்தங்கள் நல்ல பனியைக் கொடுக்கின்றன. லே வரை போவதற்குள் அதுவும் மெலிந்துவிடுகிறது.

இந்த வறட்சிதான் வழியில் பார்த்த மற்ற எல்லாவற்றுக்கும் காரணம். மலைகள் ஊதா, துருச்சிவப்பு, சாம்பல்பச்சை எனப் பட்டை பட்டையாகத் தெரிவது, பாறையை மூட மண்ணும் மரமும் இல்லாததால். சரிவெங்கும் கொட்டிக் கிடக்கும் சல்லி, உறைபனி உடைத்தது. விரிசலில் இறங்கும் சிறிது நீர் உறையும்போது 9 சதவீதம் பருக்கிறது. இரவில் உறைந்து பகலில் உருகி, அது பாறையைப் பிளந்துகொண்டே இருக்கிறது. பகலில் சுள்ளென்று காய்ந்து இரவில் நடுங்க வைப்பதும் இந்த வறட்சியால்தான். நீராவி, தரை வெளியிடும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. சித்திரை மாதத்து வடசென்னை இரவு புழுங்குகிறதென்றால் அந்த நீராவிக்குப் பெரிய பங்கு உண்டு. லடாக்கில் அது குறைவு, தரையின் வெப்பம் நேராக விண்வெளிக்குப் போய்விடுகிறது.

மேகமும் நீராவியும் குறைந்த வானம் கிடைப்பதால் வானியலாளர்களுக்கு இதே வறட்சிதான் வரம். லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் விட்டமுள்ள சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. அதை நடத்தும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வேர், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மெட்ராஸ் வான் ஆய்வகம். நம் ஊரின் ஈரக்காற்றில் தொடங்கிய அந்த வேலை முதலில் கொடைக்கானலுக்கும் பிறகு நாட்டின் மிக வறண்ட மூலைகளில் ஒன்றுக்கும் ஏறிப் போயிருக்கிறது.

அங்கே விவசாயம் செய்பவர்களுக்கு வறட்சி வேறு கதை. மழை இல்லை, பாசனம் முழுக்கப் பனியும் பனிப்பாறையும் உருகி வரும் நீர். பனிப்பாறைகள் மிக உயரத்தில் இருப்பதால் கோடை முற்றிய பிறகுதான் உருகத் தொடங்கும். பார்லி விதைக்கத் தண்ணீர் வேண்டியதோ வசந்தத்தில். லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் செவாங் நோர்பெல் இந்த இடைவெளிக்கு ஒரு வழி கண்டார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடை நீரை, ஊருக்குச் சற்று மேலே மலைநிழல் விழும் இடத்துக்குத் திருப்பி, கல்வரப்புகள் கட்டி அதன் வேகத்தைக் குறைத்தார். மெதுவாக ஓடும் நீர் அங்கேயே படலம் படலமாக உறைகிறது. தாழ்வான இடம் என்பதால் இந்தப் பனி, மேலே இருக்கும் பனிப்பாறைகளுக்கு முன்பே, விதைப்பு நேரத்தில் உருகி வாய்க்காலுக்கு வருகிறது. 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.