ரோபோ கையில் ஐபி 67 என்று போட்டிருக்கிறதா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஐந்தாவது மூட்டின் மூடியைக் கழற்றியதும் பால் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. கூலன்ட் (உலோகம் வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்) கலந்த தண்ணீர். உள்ளே, மூட்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் என்கோடரின் கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தொழிற்கூடத்துக்காரர் விற்பனைக் கையேட்டை நீட்டி, "ஐபி 67ன்னு போட்டிருக்கே சார்" என்று அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். சர்வீஸுக்கு வந்தவர் நிமிராமலே சொன்னார்: "67ன்னா முக்கி எடுக்கலாம். நீங்க பீய்ச்சி அடிச்சிருக்கீங்க. வாரண்டி வராது."

தரநிலைப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் விற்கும்போது அதை யாரும் சொல்லவில்லை. தினமும் ஷிப்ட் முடிந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவுவோம் என்று தொழிற்கூடத்துக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். வாயால் சொன்னதோடு சரி, எழுத்தில் எதுவும் இல்லை. இதே கதையைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

தூசியும் தண்ணீரும் உள்ளே புகாமல் ஒரு பொருள் எவ்வளவு தடுக்கும் என்று சொல்வதுதான் ஐபி எண். ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரநிலையில் வருவது. முதல் இலக்கம் தூசிக்கு, 0 முதல் 6 வரை. இரண்டாவது தண்ணீருக்கு, 0 முதல் 9 வரை. பின்னணி இவ்வளவு போதும்.

எல்லோரும் விழும் குழி இரண்டாவது இலக்கத்தில் இருக்கிறது. எண் ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறும் என்று நினைக்கிறோம். 6 வரைக்கும் அது சரி. 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் குழாய் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சிச் சோதித்திருக்கிறார்கள். 6 என்றால் 12.5 மில்லிமீட்டர் முனை, நிமிடத்துக்கு 100 லிட்டர். 7-க்கு வந்ததும் சோதனையே வேறு: ஒரு மீட்டர் ஆழத்தில், அசையாத தண்ணீரில், 30 நிமிடம். பீய்ச்சுவது அதில் கிடையாது. அதனால் 67 வாங்கிய இயந்திரம் 65 சோதனையில் தேறும் என்று யாரும் உறுதி தரவில்லை. இரண்டிலும் தேறியிருந்தால் ஐபி 66/ஐபி 67 என்று இரண்டையும் போடுவார்கள். ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றுதான்.

8 என்றால் ஆழமும் நேரமும் தயாரிப்பாளர் சொல்வதைப் பொறுத்தது. அந்த இரண்டும் எழுதப்படாத 8-ஐ நம்பாதீர்கள். பிரஷர் வாஷர் வைத்துக் கழுவுகிறவர்களுக்குப் பொருந்துவது 9 மட்டும்தான்: 80 டிகிரி வெந்நீர், 80 முதல் 100 பார் அழுத்தம், ஒரு சாண் தூரத்துக்குள்ளிருந்து. அதுவும் சிறிய பொருளென்றால் நான்கு கோணங்களில், கோணத்துக்கு 30 விநாடிதான்; பெரியதென்றாலும் சில நிமிடங்கள்தான். நீங்கள் தினமும் கால் மணி நேரம் ஒரே மூட்டில் அடித்தால் அந்தச் சோதனையும் உங்களுக்குத் துணை நிற்காது.

அடுத்த குழி, அந்த எண் எந்தப் பாகத்துக்கு என்பது. பல ரோபோ கைகளில் மணிக்கட்டுக்கு 67, உடலுக்கு 54 என்றுதான் இருக்கும். கையேட்டின் முதல் பக்கத்தில் 67 பெரிதாக வரும். 54 கடைசிப் பக்க அட்டவணையில் பொடி எழுத்தில் கிடக்கும். 54 என்பது தெறிக்கும் துளிகளைத் தாங்கும், அவ்வளவுதான். கன்ட்ரோலர் பெட்டி, ரோபோவுக்கு வேலை சொல்லிக்கொடுக்கக் கையில் பிடிக்கும் டீச் பெண்டன்ட், கை நுனியில் பொருளைப் பிடிக்கும் கிரிப்பர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். கை தப்பித்து, கன்ட்ரோலரின் விசிறி வழியாகத் தண்ணீர் புகுந்து எல்லாம் போன இடமும் உண்டு.

சோதனைக்குப் போகும் இயந்திரம் புதியது, சுத்தமானது, எல்லா மூடியும் மாட்டியது. தொழிற்கூடத்தில் நிற்பது அப்படியா? பயன்படுத்தாத கனெக்டரின் மூடியைக் கழற்றி மேசை டிராயரில் போட்டிருப்பார்கள். கேபிளுக்காக யாரோ ஒரு துளை போட்டிருப்பார்கள். அங்கேயே எண் போய்விட்டது. சில கைகளில் உள்ளே உலர்ந்த காற்றை அழுத்தத்தில் செலுத்திக்கொண்டிருந்தால்தான் அந்த எண் செல்லும். கம்ப்ரஸரை அணைத்துவிட்டுக் கழுவினால் செல்லாது.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வெந்நீர் அடிக்கும் 9-ஐ விட்டால், மற்ற தண்ணீர்ச் சோதனைகளில் பொதுவாகத் தண்ணீருக்கும் இயந்திரத்துக்கும் வெப்ப வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நாம் என்ன செய்கிறோம்? எட்டு மணி நேரம் ஓடி மோட்டார்கள் சுடச்சுட இருக்கும் கையில் குளிர்ந்த தண்ணீரை அடிக்கிறோம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், அந்த வெற்றிடம், இடுக்கை அடைக்கும் ரப்பர் சீல் ஓரமாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஓட்டத்தை நிறுத்தி, கை ஆறிய பிறகு கழுவுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

சோதனையில் ஊற்றுவது வெறும் தண்ணீர், தூவுவது டால்கம் பவுடர். கூலன்ட், காரம், குளோரின் கலந்த கழுவு நீர் எதையும் அந்த எண் கணக்கில் எடுப்பதில்லை. சில எண்ணெய்களில் சீல் ரப்பர் உப்பிவிடும். உலோகத்தைக் கிரைண்டிங் செய்யும்போது வரும் தூளும் கார்பன் ஃபைபர் தூளும் மின்சாரம் கடத்தும். முதல் இலக்கம் 5 என்றால் கொஞ்சம் தூசி உள்ளே போகலாம் என்றே அர்த்தம். உங்கள் தூசி அந்த ரகம் என்றால் 6 கேளுங்கள். தீப்பிடித்து வெடிக்கக்கூடிய தூசி இருக்கும் இடத்துக்கு ஐபி எண்ணே போதாது, அதற்கு வேறு சான்று வேண்டும்.

அப்புறம் அலைக்கழிப்பு. கை விற்றவர், பொருத்தியவர் தப்பு என்பார். பொருத்தியவர், கிரிப்பர் ஹோஸ் ஓரமாகத் தண்ணீர் இறங்கியது என்பார். கிரிப்பர்காரர் கழுவும் ரசாயனத்தைக் கைகாட்டுவார். ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்வார். இதற்குள் வாரண்டித் தேதி முடிந்துவிடும். கடைசியில், "சீல் தேயும் பாகம், அதுக்கு வாரண்டி இல்லை" என்று ஒரு வரி.

இதைத் தடுக்க ஒரே இடம் பர்சேஸ் ஆர்டர். எதை வைத்து, எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு சூட்டில், எந்த ரசாயனத்தோடு, ஒரு நாளில் எத்தனை தடவை கழுவுவீர்கள் என்பதை அதில் எழுதி, "இந்தப் பயன்பாட்டுக்குப் பொருந்தும்" என்று கையெழுத்து வாங்குங்கள். உடல், மணிக்கட்டு, கன்ட்ரோலர், பெண்டன்ட் எண்கள் தனித்தனியாக வரட்டும். சோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். பல எண்கள் தயாரிப்பாளரே அறிவித்துக்கொண்டவைதான். சீல் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், யார் மாற்ற வேண்டும் என்பதும் எழுத்தில் வேண்டும். நீங்களே மாற்றினால் வாரண்டி போகுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், அவருக்கே அந்த எண்ணில் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே தண்ணீர் புகுந்துவிட்டது என்று சந்தேகமா? மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆன் செய்யாதீர்கள். வெளியே வழிந்த இடம், கனெக்டர்கள், சீரியல் எண் தகடு எல்லாவற்றையும் தேதி தெரியப் படமெடுங்கள். புகாரைப் போனில் சொல்லாமல் மின்னஞ்சலில், விற்றவர், பொருத்தியவர், கிரிப்பர்காரர் மூவருக்கும் ஒரே கடிதமாக அனுப்புங்கள். மூடியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். சர்வீஸ் ஆள் வந்து, உங்கள் கண் முன்னால் திறந்து, பார்த்ததை அறிக்கையில் எழுதி, நகலை உங்களிடம் தந்த பிறகு அவர் கிளம்பட்டும்.